மாறிக்கொண்டே இருக்கும் கோட்பாட்டை எப்படி நம்புவது?

கேள்வி: ஜூன் 2, காலை 11.20

பரிணாமம் பற்றி டார்வின் ஒன்று சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதில் பாதியைத் தள்ளிவிட்டு மரபணுவைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஜப்பானிய அறிஞர் ஒருவர், மூலக்கூறு அளவில் நடக்கும் பெரும்பாலான மாற்றங்களுக்கும் இயற்கைத் தேர்வுக்கும் தொடர்பில்லை என்றார். இப்போது உயிர் மரம் என்பது மரமே இல்லை என்று படிக்கிறேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆளுக்கொரு பக்கம் திருத்திக்கொண்டிருக்கும் ஒன்றை உறுதியான அறிவியல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எதிர்க்க வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியவில்லை.

ஜூன் 2, இரவு 10.05

இரண்டு செய்திகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். உயிர்கள் எல்லாம் பொது மூதாதையிலிருந்து கிளைத்து வந்தவை என்பது ஒன்று. அவற்றை மாற்றியது எது என்பது இன்னொன்று; சூழலுக்குப் பொருந்தியது பிழைத்துப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வுதான் அதற்கு டார்வின் சொன்ன விடை. முதலாவது, டார்வினின் நூல் வந்த 1859க்குப் பிறகு அசையவே இல்லை. சண்டையெல்லாம் இரண்டாவதில்தான். நீங்கள் பட்டியலிட்ட திருத்தங்கள் எதுவும் முதலாவதைத் தொடவில்லை.

ஜூன் 3, காலை 6.30

நேற்றைய பதில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருந்தது. அதற்குள் இருக்கும் வரலாறு அவ்வளவு சுருக்கமானதல்ல.

பல ஆண்டுகளாக உயிரியல் கற்பிக்கிறேன். ஆரம்ப ஆண்டுகளில் 1859இலிருந்து நேராக 1953க்குத் தாவிவிடுவேன். டார்வின் நூல் எழுதினார், வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டார்கள், பாடம் முடிந்தது. ஒருநாள் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு நீல மை விழுந்தால் கரைந்துபோகிறது. ஓர் உயிரில் மட்டும் நல்ல மாற்றம் வந்து, அது மாற்றம் இல்லாத மற்றொன்றோடு சேர்ந்து குட்டி போட்டால், குட்டியில் பாதி, பேரக்குட்டியில் கால் என்று கரைந்துவிடாதா? பிறகு இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்?"

அன்று என்னிடம் விடை இல்லை. மரபணு கரையாது என்று மட்டும் சொல்லி உட்காரவைத்தேன். அவள் கேட்டது 1867இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் டார்வினின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில் வைத்த கேள்வி என்பதை வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன். அந்தக் கேள்வி டார்வினை உண்மையாகவே வருத்தியது. பெற்றோரின் பண்புகள் பிள்ளையில் கலந்துவிடும் என்பதே அக்காலப் பொது நம்பிக்கை. அதை ஏற்றால் தேர்வுக்கு வேலையே இல்லை.

இன்னொரு பக்கம் இயற்பியலாளர் கெல்வின். பூமி குளிர்ந்துவரும் வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது சுமார் 10 கோடி ஆண்டுகளாக இருக்கலாம் என்று 1862இல் சொன்னார். பின்னர் இன்னும் குறைத்தார். மெல்ல மெல்ல நடக்கும் தேர்வுக்கு அந்தக் காலம் போதாது. பாறைகளுக்குள் கதிரியக்கம் வெப்பம் தருகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று பேட்டர்சன் கணித்தது 1956இல்.

டார்வின் என்ன செய்தார்? தன் நூலைத் தானே திருத்தினார். 1859இலிருந்து 1872 வரை ஆறு பதிப்புகள். ஒவ்வொன்றிலும் ஏதாவது மாறியிருக்கும். பயன்படுத்திய உறுப்பு வலுப்பெற்று அடுத்த தலைமுறைக்குப் போகும் என்ற கருத்துக்குப் பிந்தைய பதிப்புகளில் கூடுதல் இடம் கொடுத்தார். "பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள்" என்கிறீர்களே, முதல் திருத்தக்காரர் அவர்தான்.

ஜூன் 3, மதியம் 1.40

ஒட்டகச்சிவிங்கி பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். டார்வினுக்கு முந்தைய லாமார்க் சொன்னது கழுத்தை நீட்டி நீட்டி வளர்ந்தது, டார்வின் சொன்னது நீண்ட கழுத்துள்ளது பிழைத்தது என்று. பாடநூல்கள் போட்ட எல்லைக்கோடு இது. உண்மையில் கோடு அவ்வளவு நேராக இல்லை. வாழும்போது பெற்ற பண்பு பிள்ளைக்குப் போகும் என்பதை டார்வினும் நம்பினார். உடலின் ஒவ்வொரு பகுதியும் நுண்துகள்களை அனுப்ப, அவை இனப்பெருக்க உறுப்புகளில் சேர்கின்றன என்று 1868இல் ஒரு விளக்கமே எழுதினார். அவருடைய உறவினர் கால்டன் முயல்களுக்கு இடையே இரத்தத்தை மாற்றி ஏற்றிப் பார்த்தார். குட்டிகளின் நிறம் மாறவில்லை. "நான் இரத்தம் என்று சொல்லவில்லையே" என்ற பொருளில் டார்வின் 1871இல் பதில் எழுதினார்.

அந்த விளக்கம் தவறு. ஆனால் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பண்புகள் எப்படிக் கைமாறுகின்றன என்று தெரியாதவரை தன் கோட்பாடு ஒற்றைக் காலில் நிற்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நான் அவரை மதிப்பது அதற்காகத்தான்.

ஜூன் 3, இரவு 9.15

பட்டாணிச் செடிகளில் மரபு விதிகளைக் கண்ட மென்டலின் கட்டுரை பக்கம் பிரிக்கப்படாமல் டார்வினின் அலமாரியில் கிடந்தது என்று மேலே ஒருவர் சொல்கிறார். இதை நானும் வகுப்பில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். அவர் நூலகத்தில் அந்தக் கட்டுரை இருந்ததற்குச் சான்று இல்லை. தயவுசெய்து பரப்ப வேண்டாம்.

ஜூன் 5, இரவு 11.00

"மென்டல் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது அல்லவா?" இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பான பகுதியே இதுதான். 1900இல் மென்டலின் விதிகளை மறுபடி கண்டெடுத்தவர்களில் பலர் அவற்றை டார்வினுக்கு எதிரான ஆயுதமாகத்தான் எடுத்தார்கள்.

அன்றைய நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். பரிணாமம் நடந்தது என்பதை உயிரியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுவிட்டார்கள். இயற்கைத் தேர்வு அதைச் செய்தது என்பதை ஏற்றவர்கள் குறைவு. சிலர் லாமார்க்கின் பக்கம் போனார்கள். சிலர் உயிருக்குள்ளேயே ஓர் உந்துதல் இருந்து அது ஒரே திசையில் இழுத்துச் செல்கிறது என்றார்கள். மென்டலை மறுபடி கண்டெடுத்தவர்களில் ஒருவரான டி ஃபிரீஸ், புதிய இனங்கள் ஒரே பாய்ச்சலில் தோன்றுகின்றன என்றார். மென்டலின் பட்டாணியில் வழவழப்பு அல்லது சுருக்கம், இடைநிலை இல்லை. எனவே பாய்ச்சல்காரர்களுக்கு அது இனித்தது. உயரம், எடை போன்ற படிப்படியான வேறுபாடுகளை அளந்துகொண்டிருந்தவர்களோ மென்டலையே சந்தேகித்தார்கள். தேர்வு அரியணையிலிருந்து இறங்கிக் கிடந்த காலம் அது. ஜூலியன் ஹக்ஸ்லி பின்னர் அதை டார்வினியத்தின் கிரகணம் என்று அழைத்தார்.

தீர்த்துவைத்தது ஒரு கணக்கு. ரொனால்ட் ஃபிஷர் 1918இல் காட்டினார்: தனித்தனியே கரையாமல் நிற்கும் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களித்தால், மொத்தத்தில் உயரம் போன்ற படிப்படியான வேறுபாடு தானே கிடைக்கும். இரு கட்சிகளும் ஒரே பொருளின் இரு பக்கங்களைப் பிடித்துக்கொண்டு சண்டையிட்டிருக்கிறார்கள். என் மாணவியின் மைச்சொட்டுக்கு விடையும் இதில்தான். மை கரைவதில்லை. நம் கண்ணுக்குக் கலந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஒவ்வொரு துகளும் முழுசாகவே இருக்கிறது. தலைமுறைகள் கழித்தும் அதைப் பொறுக்கி எடுக்கலாம்.

ஃபிஷர், ஹால்டேன், சீவல் ரைட் மூவரும் 1930களின் தொடக்கத்துக்குள் கணித அடித்தளம் போட்டார்கள். 1937இல் டொப்ஜான்ஸ்கி அதை ஆய்வகத்துக்கும் வெளியில் பறக்கும் ஈக்களுக்கும் கொண்டுவந்தார். அதாவது 1859இல் முன்வைத்த கருத்து உறுதியாகக் காலூன்றச் சுமார் 80 ஆண்டுகள் ஆயின.

ஜூன் 6, காலை 7.10

ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மானை விட்டுவிட்டேன். 1880களில் எலிகளின் வாலை ஐந்து தலைமுறைகளாக வெட்டிப் பார்த்தவர். பிறந்த 901 குட்டிகளும் வாலோடுதான் பிறந்தன. இது லாமார்க்கைப் பொய்யாக்கியது என்று சொல்வது சற்று மிகை. லாமார்க் பேசியது உயிர் தன் தேவைக்காகப் பயன்படுத்தும் உறுப்பைப் பற்றி. யாரோ வெட்டிய வாலைப் பற்றி அல்ல. காயங்களும் பிள்ளைக்குப் போகும் என்ற நம்பிக்கையைத்தான் அந்தச் சோதனை முடித்துவைத்தது.

ஜூன் 8, இரவு 10.30

இப்போது நீங்கள் சொன்ன ஜப்பானியருக்கு வருகிறேன். மோட்டூ கிமுரா, 1968.

வகுப்பில் ஒரு பயிற்சி செய்வேன். ஒவ்வொரு குழுவிடமும் ஒரு பை; அதில் 5 வெள்ளை மணி, 5 கறுப்பு மணி. கண்ணை மூடி ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட வேண்டும். பத்து முறை எடுத்தால் அந்தப் பத்து நிறங்களும்தான் அடுத்த தலைமுறை. பையில் மணிகளை அதற்கேற்ப மாற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பதினைந்து, இருபது சுற்றுகளில் பெரும்பாலான பைகளில் ஒரே நிறம்தான் மிஞ்சும். ஒரு குழுவில் வெள்ளை, அடுத்த குழுவில் கறுப்பு. வெள்ளை கறுப்பைவிட எந்த வகையிலும் சிறந்ததில்லை. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் ஒன்று வென்றுவிட்டது, மற்றது மறைந்துவிட்டது. மாணவர்கள் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்கும் அந்த நொடிக்காகவே இதை ஒவ்வோர் ஆண்டும் செய்கிறேன்.

கிமுரா புரதங்களின் ஒப்பீட்டிலிருந்து கணக்குப் போட்டார். பாலூட்டிகளின் மரபுத்தொகுதியில், அதாவது முழு டி.என்.ஏ.வில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்ற வேகத்தில் ஓர் எழுத்து மாறி நிலைபெறுகிறது. தேர்வு ஒன்றே இத்தனையையும் செய்வதென்றால் அதற்கு ஈடாகச் சாக வேண்டிய உயிர்களின் எண்ணிக்கை நடக்கக்கூடியதாக இல்லை. எனவே பெரும்பாலான மாற்றங்கள் நன்மையும் இல்லாத தீமையும் இல்லாத தற்செயல் நகர்வுகள் என்றார். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. தேர்வு ஆட்சிக்குத் திரும்பி அப்போதுதான் முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதில் ஓர் அழகு உண்டு. கூட்டம் பெரிதானால் புதிய மாற்றங்கள் அதிகம் பிறக்கும். ஆனால் அவற்றில் ஒன்று முழுக் கூட்டத்தையும் பிடிக்கும் வாய்ப்பு அதே அளவுக்குக் குறையும். இரண்டையும் பெருக்கினால் கூட்டத்தின் அளவு அடிபட்டுப்போகிறது. மாற்றம் நிலைபெறும் வேகம் மாற்றம் பிறக்கும் வேகத்துக்குச் சமம். எலிக்கூட்டமோ யானைக்கூட்டமோ, கூட்டத்தின் அளவு ஒரு பொருட்டில்லை. முதன்முதலில் இதைத் தாளில் எழுதிப் பார்த்த இரவில் தூங்கவில்லை.

கிமுரா தேர்வை மறுக்கவில்லை. கண், இறக்கை, அலகு இவற்றைச் செதுக்கியது தேர்வுதான் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அவர் சொன்னது, நடக்கும் மாற்றங்களின் எண்ணிக்கையில் பெரும்பங்கு தேர்வின் கணக்கில் சேராது என்பது. நீங்கள் கேள்வியில் "மூலக்கூறு அளவில்" என்று சரியாகவே எழுதியிருந்தீர்கள். பலர் அந்தச் சொல்லை விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 9, மாலை 5.50

மூலக்கூறு மாற்றம் ஓரளவு சீராக நடந்தால் அதைக் கடிகாரமாக்கலாம். 1967இல் சாரிச்சும் வில்சனும் இரத்தப் புரதத்தை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்தது சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்றார்கள். புதைபடிவ ஆய்வாளர்கள் சினந்தார்கள். ஒன்றரைக் கோடி ஆண்டு அளவு பழமையான ராமாபிதேகஸ் என்ற புதைபடிவக் குரங்கு ஏற்கெனவே மனித வழியைச் சேர்ந்தது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அதன் நெருங்கிய உறவான சிவாபிதேகஸின் முகப்பகுதி கிடைத்தபோது அது ஒராங்குட்டானை ஒத்திருந்தது. ராமாபிதேகஸ் மனித வழியிலிருந்து விலகியது. தாடைத் துண்டுகள் சிலவற்றின் மேல் கட்டிய முடிவு முழு முகத்தைக் கண்டதும் சரிந்தது.

ஜூன் 11, இரவு 11.45

முதல் நாள் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். "முதலாவது அசையவே இல்லை" என்றேன். மூன்று நாள்களாக அது உறுத்துகிறது. அசைந்தது. பொது மூதாதை என்ற கருத்து நிற்கிறது. உறவுகளின் வடிவம் மரம் என்ற கருத்து அப்படியே நிற்கவில்லை. நீங்கள் சுட்டியது சரி, நான் அவசரப்பட்டு மறுத்தது தவறு.

1837இல் டார்வின் தன் குறிப்பேட்டில் வரைந்த சிறு கிளைப்படத்தில் கிளைகள் பிரிகின்றன, ஒன்றுசேர்வதே இல்லை. யானை, திமிங்கிலம், பறவை இவற்றுக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். பாக்டீரியாவுக்குப் பொருந்தாது. ஒரு பாக்டீரியா தன் மரபணுவைத் தன் பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வேற்றினத்துக்கும் கொடுக்கிறது. மருந்துகளை எதிர்க்கும் திறன் இப்படிக் கைமாறுவதை 1950களின் இறுதியில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகளில் கண்டார்கள். பூமியில் உயிர் இருந்த காலத்தின் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் காலம். அப்படியானால் அந்தப் பெரும்பகுதிக்கான படம் கிளையை விட வலைக்கே நெருக்கம்.

கிளைகள் ஒன்றிய இடமும் உண்டு. நம் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. லின் மார்குலிஸ் 1967இல் இதை வாதிட்டு வெளியிட்ட கட்டுரையை அதற்கு முன் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட இதழ்கள் திருப்பியனுப்பியிருந்தன. இந்தக் கருத்தின் பழைய வடிவங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தன. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.வை வரிசைப்படுத்திப் பார்த்த பிறகு மறுக்க இடமில்லாமல் போயிற்று.

இன்னொன்று. நஞ்சுக்கொடி உருவாகும்போது அணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதம், நம் முன்னோரைத் தொற்றிய ஒரு வைரஸின் உறைப்புரதத்திலிருந்து வந்தது. 2000இல் தெரியவந்தது. என் குழந்தை பிறந்து சில ஆண்டுகள் கழித்து இதைப் படித்தேன். அவளைக் கருவில் தாயோடு பிணைத்த பசை, எப்போதோ ஒரு தொற்றுநோயாக வந்தது.

நியாண்டர்தால் மனிதர்கள் நம்மோடு கலக்காமல் மறைந்தார்கள் என்று 2010 வரை கற்பித்தேன். அந்த ஆண்டு ஸ்வான்டே பாபோவின் குழு அவர்களுடைய மரபுத்தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் டி.என்.ஏ.வில் 1 முதல் 4 விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது என்று அது மதிப்பிட்டது. அதுவரை என்னிடம் படித்துச் சென்ற எல்லோருக்கும் தவறாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் யாரேனும் இதைப் படித்தால் திருத்திக்கொள்ளவும்.

ஜூன் 12, காலை 8.00

அந்துப்பூச்சிக் கதை மோசடி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. புகைக்கரி படிந்த மரங்களில் கறுப்புப் பூச்சிகள் தப்பின, வெளிறியவை பறவைக்கு இரையாயின என்பது 1950களில் கெட்டில்வெல் செய்த ஆய்வு. அதன் முறையில் குறைகள் இருந்தன. புத்தகப் படங்களில் சில, பூச்சியை மரத்தில் வைத்து எடுத்தவை. மைக்கேல் மேஜெரஸ் அந்தக் குறைகளைக் களைந்து ஆறு ஆண்டுகள், 4,864 பூச்சிகளைக் கொண்டு மறுபடி செய்தார். முடிவு அதேதான். அவர் 2009இல் இறந்த பிறகு, 2012இல் சக ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். குறை சொன்னவர்களும் உயிரியலாளர்கள், சரிசெய்தவரும் உயிரியலாளர்.

ஜூன் 14, இரவு 9.30

இதுவரை சொன்னவற்றில் என்னை மிகவும் உலுக்கிய மாற்றம் எது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

1963இல் எர்ன்ஸ்ட் மேயர், தூரத்து உறவுள்ள விலங்குகளில் ஒரே மூதாதை மரபணுவைத் தேடுவது வீண் வேலை என்று எழுதினார். அவர் அக்காலத்தின் மிகப்பெரிய பரிணாம அறிஞர்களில் ஒருவர். அது நியாயமான கணிப்பும்கூட. அத்தனை கோடி ஆண்டுத் தேர்வில் எல்லா எழுத்தும் மாறியிருக்கும் அல்லவா? இருபது ஆண்டுகளில், ஈயின் உடலில் எது தலை, எது மார்பு என்று முடிவுசெய்யும் மரபணுக்களின் உறவுகள் எலியிலும் மனிதனிலும் கிடைத்தன. 1995இல் வால்டர் கேரிங்கின் ஆய்வகத்தில் எலியின் கண்ணுக்கான மரபணுவை ஈயின் காலில் இயங்கச் செய்தார்கள். காலில் கண் முளைத்தது. எலியின் கண் அல்ல, ஈயின் கண்.

ஈயின் கண்ணும் எலியின் கண்ணும் முற்றிலும் தனித்தனியே தோன்றியவை என்று படித்தவன் நான். கட்டமைப்பு வேறுதான். ஆனால் "இங்கே கண் செய்" என்ற கட்டளை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இரு கிளைகளிலும் அழியாமல் இருந்திருக்கிறது. அந்த ஈயின் படத்தை இன்றும் ஒவ்வொரு புதிய வகுப்பிலும் முதல் வாரத்தில் காட்டுகிறேன்.

ஜூன் 15, மதியம் 2.20

"லாமார்க் திரும்பிவிட்டார்" என்ற செய்திக் கட்டுரையை இணைத்தவருக்கு: பாதி வழி வருகிறேன். டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமல் அதன் மேல் ஒட்டும் வேதிக் குறிகள் மரபணுவை அடக்கலாம். சில தாவரங்களில் அது தலைமுறை தாண்டியும் போகிறது. 1744இல் லின்னேயஸ் விவரித்த ஒரு விசித்திரப் பூ, வழக்கமான வடிவம் குலைந்து ஆரச்சமச்சீராக இருந்தது. அவர் அதற்குப் பூதம் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை வைத்தார். காரணம் எழுத்து மாற்றமல்ல, ஒரு மரபணுவின் மேல் படிந்த இத்தகைய குறி என்பது 1999இல் தெரிந்தது. ஆனால் பாலூட்டிகளில் இந்தக் குறிகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு தலைமுறையிலும் துடைக்கப்படுகின்றன. மேலும், அந்தப் பூ தன் தேவைக்காக அப்படி மாறவில்லை. தேவைக்கேற்ற மாற்றம் என்பதுதான் லாமார்க்கின் உயிர்நாடி, அது திரும்பவில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சான்றால் அல்லாமல் ஆணையால் இந்த அறிவியலை மாற்றிய காலமும் உண்டு. சோவியத் நாட்டில், மரபணுவை மறுத்த லிசென்கோவின் கருத்துகளுக்கு அரசு துணைநின்றது. 1948இல் மரபியல் அங்கே அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட்டது. உலகெங்கும் விதைகளைச் சேகரித்த வாவிலோவ் அதற்கு முன்பே, 1943இல், சிறையில் இறந்தார். மாற்றம் என்றால் எல்லாம் ஒன்றல்ல.

ஜூன் 17, இரவு 10.40

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "அப்படியானால் ஐம்பது ஆண்டுகளில் இதுவும் மாறுமா?" என்கிறார். மாறும். எந்தப் பகுதி என்று எனக்குச் சில ஊகங்கள் உண்டு. தேர்வுக்கும் தற்செயலுக்கும் உள்ள பங்கீடு இன்னும் பலமுறை பேரம் பேசப்படும். உயிரி தன் சூழலைத் தானே மாற்றுவதைக் கோட்பாட்டில் எங்கே வைப்பது என்ற சண்டை 2014இல் நேச்சர் இதழில் இரு தரப்பாகவே அச்சானது, அது ஓயவில்லை. திமிங்கிலத்துக்கு நீர்யானை நெருங்கிய உறவு என்பதோ, மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை உண்டு என்பதோ மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எலும்பும் டி.என்.ஏ.வும் தனித்தனியே வந்து அங்கே சந்தித்திருக்கின்றன.

மாறிக்கொண்டிருப்பதற்கு என் கரும்பலகையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1977இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்க்கியா என்ற தனி நுண்ணுயிர்ப் பிரிவைக் காட்டிய பிறகு, உயிருலகுக்கு மூன்று பெருங்கிளைகள் என்று வரைவது வழக்கமாயிற்று: பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு கொண்ட நாம். மூன்று கோடுகள். 2015இல் ஆழ்கடல் படிவிலிருந்து கிடைத்த டி.என்.ஏ.வில் ஓர் ஆர்க்கியா வகை தெரிந்தது; உட்கரு உள்ளவற்றுக்கே உரியவை என்று நினைத்திருந்த மரபணுக்கள் அதனிடம் இருந்தன. நாம் ஆர்க்கியாவுக்குப் பக்கத்தில் இல்லை, அதற்குள்ளிருந்தே கிளைத்தோம் என்ற முடிவுக்கு அதன்பின் பலர் வந்துவிட்டார்கள். சிலர் இன்னும் மறுக்கிறார்கள். நான் இரு தரப்பையும் படித்துவிட்டேன். அடுத்த வகுப்பில் மூன்றாவது கோட்டை இரண்டாவது கோட்டின் நடுவிலிருந்து தொடங்கி வரையப்போகிறேன், புள்ளிக்கோடாக.